மறந்துபோன ஸ்டென்டை வெளியே எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் முதலில் கண்ணில் படுவது இரண்டு கொக்கிகள். மேல் கொக்கி சிறுநீரகத்தில், கீழ்க்கொக்கி சிறுநீர்ப்பையில், நடுவே பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு குழாய். அதுதான் ஸ்டென்ட். நேரத்துக்கு வந்திருந்தால் அவ்வளவுதான் தெரியும். இந்தப் படத்தில் கீழ்க்கொக்கியைச் சுற்றிக் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. மேலே மொச்சைக்கொட்டை அளவில் இன்னொன்று.

“ஐயா, நாலு வருஷம் முன்னாடி கல் ஆபரேஷன் பண்ணப்ப உள்ளே ஒரு டியூப் வெச்சாங்களே, அதை எடுத்தீங்களா?” என்று கேட்டால், அவர் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரம்மாவைப் பார்க்கிறார். “ஹார்ட்டுக்கு வைக்கிற மாதிரி அது ஆயுசுக்கும் இருக்கும்னு நெனச்சோம் டாக்டர்.”

இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் அங்கேயே இருக்க வேண்டியது. சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் சிறுநீர்க்குழாயில் வைப்பது திரும்ப எடுத்தே ஆக வேண்டியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில்தான் பாதி வினை. மீதிப் பாதி எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் கடைசியில், ஆங்கில எழுத்தில், ‘டி.ஜே. ஸ்டென்ட் இன் சிட்டு’ என்று ஒரே ஒரு வரி. அந்த ‘இன் சிட்டு’ லத்தீன். ‘வைத்த இடத்திலேயே இருக்கிறது’ என்று பொருள். இதைப் படித்துப் புரிந்துகொண்டு நாள் தவறாமல் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அதனால் நோயாளியைத் திட்டும் டாக்டர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

சிறுநீர்ப் பாதையில் அந்நியப் பொருள் என்றதும் பலருக்கும் ஒயர், பேனா, ஊக்கு என்று விநோதக் கதைகள்தான் ஞாபகம் வரும். அவையும் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் யூராலஜி ஓ.பி.யில் உட்கார்ந்தால் வந்துகொண்டே இருப்பது மருத்துவமே வைத்துவிட்டு மறந்த பொருள். அதை எடுக்கும் முறை தெரிந்தால் மற்றவற்றுக்கும் முக்கால்வாசி தெரிந்தமாதிரி. நோயாளிகள், வீட்டார், யூராலஜிக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர்கள் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வீட்டில் செய்து பார்க்க இதில் எதுவும் இல்லை. உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு கேள்வி கேட்கத்தான்.

குழாயைப் பற்றிக் கொஞ்சம்

சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவியான சிஸ்டோஸ்கோப் வழியாகச் சிறுநீர்க்குழாயில் சிலிகோன் குழாய் வைக்கலாம் என்று ஜிம்ஸ்கைண்டும் சகாக்களும் 1967-ல் எழுதினார்கள். நேரான குழாய் என்பதால் இடம் மாறி நழுவிக்கொண்டிருந்தது. 1978-ல் ராய் ஃபின்னி இரண்டு முனையையும் ஜே எழுத்து மாதிரி வளைத்த குழாயை அறிமுகப்படுத்தினார். அதனால்தான் டபுள் ஜே, சுருக்கமாக டி.ஜே. வைக்கும்போது உள்ளே கம்பி இருப்பதால் குழாய் நேராக நிற்கும். கம்பியை உருவியதும் இரு முனையும் சுருண்டு மேலும் கீழும் கொக்கி போட்டுக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு வைப்பது பெரும்பாலும் 24 முதல் 28 செ.மீ. நீளம், 6 ஃபிரெஞ்ச் கனம். ஒரு ஃபிரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 2 மி.மீ. கனம்தான், ஜூஸ் ஸ்ட்ராவைவிடச் சன்னம். கல்லை உடைத்தபின் சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க இதை வைக்கிறோம். கர்ப்ப காலத்து அடைப்பு, சிறுநீரக மாற்று ஆபரேஷன், புற்றுநோய்க் கட்டி குழாயை நெருக்குவது என்று வேறு காரணங்களும் உண்டு.

சாதாரணக் கல் ஆபரேஷன் என்றால் சில நாட்களில் இருந்து நான்கைந்து வாரத்துக்குள் எடுத்துவிடலாம். பாலியூரித்தேன் வகைக் குழாயை எக்காரணம் கொண்டும் 3 மாதத்துக்கு மேல் விடக் கூடாது. நீண்ட காலத்துக்கென்றே செய்த சில சிலிகோன் ஸ்டென்டுகள் 12 மாதம் வரை தாங்கும். கர்ப்பிணிகளுக்கு உப்பு சீக்கிரம் படியும் என்பதால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

நேரத்துக்கு வந்தால் எடுப்பது பத்து நிமிஷ வேலை. மரத்துப்போகும் ஜெல்லியை உள்ளே விட்டு, மெல்லிய ஸ்கோப்பை நுழைத்து, கீழ்க்கொக்கியை இடுக்கியால் பிடித்து உருவினால் வந்துவிடும். சிலருக்குக் குழாயின் முனையில் நூல் கட்டி வெளியே ஒட்டி அனுப்புவதும் உண்டு. அப்போது ஸ்கோப்பே தேவைப்படாது.

உப்பு எப்படி ஏறுகிறது

போர் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். முதல் மாதம் பளபளப்பு, அடுத்த மாதம் மேலே வெள்ளைப் பொடி, ஆறு மாதத்தில் சுண்ணாம்பு உறை. சிறுநீரும் உப்புக் கரைசல்தான், ஸ்டென்டும் அப்படியே ஆகிறது. முதலில் குழாயின்மேல் புரதப் படலம் ஒட்டும், அதன்மேல் கிருமிகள் குடியேறும். புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் யூரியாவைச் சிதைத்து அமோனியா ஆக்கும். சிறுநீர் காரத்தன்மைக்கு மாறியதும் பாஸ்பேட் உப்புகள் மளமளவென்று இறங்கிவிடும். கிருமியே இல்லாவிட்டாலும், ஏற்கெனவே கல் வரும் உடம்பென்றால் கால்சியம் ஆக்சலேட் தானாகப் படியும்.

1991-ல் வெளியான ஓர் ஆய்வில், கல் நோயாளிகளிடமிருந்து எடுத்த பாலியூரித்தேன் ஸ்டென்டுகளைப் பார்த்தார்கள். 6 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 9.2 சதவீதத்தில் உப்பு. 6 முதல் 12 வாரத்துக்குள் 47.5 சதவீதம். அதற்கு மேல் 76.3 சதவீதம். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகிவிடும் என்பவர்களிடம் இந்த மூன்று எண்களைச் சொல்வேன்.

உப்பு ஏறுவதோடு முடிவதில்லை. நாட்பட்ட குழாய் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி மாதிரி மொறுமொறுத்துப் போகும். பிடித்து இழுத்தால் துண்டு துண்டாக ஒடியும். சில சமயம் இழுக்காமலே உள்ளே ஒடிந்து கிடக்கும்.

முதல் படி: இழுக்காதே

இதை ஒரு படியாகவே எழுதக் காரணம் உண்டு. உப்பு ஏறிய ஸ்டென்ட் என்று தெரியாமல் வழக்கம்போல் ஸ்கோப் போட்டு, கீழ்க்கொக்கியைப் பிடித்து, வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்துப் பார்ப்பதுதான் இந்தக் கதையில் நடக்கும் பெரிய விபத்து. மேல் கொக்கி கல்லாகிச் சிறுநீரகத்தில் பூட்டிக்கொண்டிருக்கிறது. இடையில் இருப்பதோ 25 செ.மீ. நீளமுள்ள, மெல்லிய சதைக்குழாய். இழுத்த இழுப்பில் ஸ்டென்டோடு சேர்ந்து அந்தக் குழாயே பிய்ந்து வரலாம். வந்துவிட்டால் குடலை வெட்டிப் புதுப்பாதை கட்டுவது, சிறுநீரகத்தை இடம் மாற்றுவது என்று கதை வேறு திசைக்குப் போய்விடும்.

ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஸ்கோப்பைத் தொடும் முன் ஓர் எக்ஸ்ரே. தேதி தெரியாவிட்டாலும் அதேதான்.

இரண்டாம் படி: பார்த்து, அளந்து, எழுதுவது

சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை காட்டும் சாதாரண எக்ஸ்ரேயான கே.யூ.பி.யில் குழாயும் தெரியும், பெரிய கற்களும் தெரியும். ஆனால் குழாயே வெள்ளையாகத் தெரிவதால் அதன்மேல் ஒட்டிய மெல்லிய உப்பு கண்ணை ஏமாற்றும். அதனால் சாயம் ஏற்றாத சி.டி. ஸ்கேன் கட்டாயம். அதைப் பார்க்கும்போது கணினியில் எலும்பு பார்க்கும் விண்டோவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எது குழாய், எது உப்பு என்று தனித்தனியாகப் பிரியும். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நாங்களே மறந்துவிடுகிறோம்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: மேல் கொக்கி, தண்டு, கீழ்க்கொக்கி. இதை வைத்துத் தரம் பிரிக்க ஐந்து நிலை அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒரு கொக்கியில் மட்டும் கோடு மாதிரி உப்பு இருந்தால் முதல் நிலை. இரண்டு கொக்கியும் தண்டும் சேர்ந்து பருத்துக் கல்லாகிவிட்டால் ஐந்தாம் நிலை. இன்னொரு முறையில் சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். 9-ஐத் தொட்டால் ஒரே ஆபரேஷனில் முடிவது சந்தேகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மூன்று இடத்தையும் தனித்தனியாக யோசிக்க வைக்கிறது, ஆபரேஷனும் அப்படித்தானே நடக்கப்போகிறது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த கிரியேட்டினின், என்ன கிருமி என்று காட்டும் சிறுநீர் கல்ச்சர், ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய ஐசோடோப் ரீனோகிராம் எடுக்க வேண்டும். பத்து சதவீதம்கூட வேலை செய்யாத சிறுநீரகத்துக்கு மூன்று ஆபரேஷன் செய்து கல்லை எடுப்பதைவிட அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவது சில நேரம் நல்லது. ஆனால் அடைப்பு இருக்கும்போது எடுத்த ரீனோகிராமை வைத்து அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. அடைப்பை நீக்கிச் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் எண் ஏறியிருக்கலாம்.

மூன்றாம் படி: காய்ச்சல் இருந்தால் எல்லாமே நிற்கட்டும்

குளிர் காய்ச்சல், விலாவில் வலி, சி.டி.யில் சிறுநீரகம் வீக்கம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தவருக்கு அன்றைக்குக் கல்லை உடைக்கவே கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் தேங்கியிருக்கும். உள்ளே நீரைப் பீய்ச்சி லேசர் அடித்தால் அந்தக் கிருமிகள் நேராக ரத்தத்துக்குள் போகும். முதலில் முதுகுப்பக்கம் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி குத்தி ஒரு வடிகுழாய், அதாவது பி.சி.என். போட வேண்டும். சீழ் வடியட்டும், ஆன்டிபயாடிக் ஓடட்டும், காய்ச்சல் இறங்கட்டும். கல் நான்கு வருஷமாக உள்ளே இருந்தது, இன்னும் இரண்டு வாரம் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

காய்ச்சல் இல்லாதவருக்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்து, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகே தியேட்டருக்குக் கூட்டிப்போக வேண்டும். இப்படிப்பட்ட ஸ்டென்டில் கிருமி இல்லாமல் இருப்பது அபூர்வம்.

ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது. ஒன்றுக்கு மேல் ஆபரேஷன் ஆகலாம். வெளியே வந்ததும் திரும்ப ஒரு புது ஸ்டென்ட் வைக்க வேண்டி வரலாம். அரிதாகத் திறந்த ஆபரேஷன், அதைவிட அரிதாகச் சிறுநீரக இழப்பு. காப்பீட்டுத் திட்டத்தில் போகிறவர்கள் ‘ஒன்றுக்கு மேல்’ என்ற சொல்லைக் காப்பீட்டு மேஜையில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அனுமதியை எப்படி வாங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கீழே தொடங்கி மேலே போவது

ஒழுங்கு இதுதான்: சிறுநீர்ப்பை, அப்புறம் சிறுநீர்க்குழாய், கடைசியில் சிறுநீரகம். மேலே முதலில் உடைத்தால் துண்டுகள் கீழே இறங்கும் வழி அடைபட்டிருக்கும். கீழ் முனை கல்லோடு கிடந்தால் மேலே விடுவித்த குழாயை எந்தப் பக்கமும் உருவ முடியாது.

நோயாளி மயக்கத்தில், கால்களைத் தூக்கி வைத்த நிலையில். ஸ்கோப் சிறுநீர்ப்பைக்குள் போனதும் திரையில் தெரிவது, கடலடிப் பாறை மாதிரி சொரசொரப்பான மஞ்சள் வெள்ளை உருண்டை. அதன் நடுவில் எங்கோ குழாய் இருக்கிறது. ஹோல்மியம் லேசர் இழையை ஓரத்தில் வைத்துத் தொடங்குகிறோம். லேசர் குழாயையும் வெட்டும் என்பதால் சக்தியைக் குறைவாக வைத்து, முட்டை ஓட்டை உரிப்பது மாதிரி மேல் அடுக்கு அடுக்காகப் பொடியாக்க வேண்டும். பொடி பனிபோல் பறந்து திரையை மறைக்கும். நிறுத்தி, நீரைச் சுழற்றி, தெளிந்ததும் மறுபடி. திடீரென்று வெண்மைக்குள்ளிருந்து குழாயின் நிறம் எட்டிப்பார்க்கும். அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருப்போம். கல் 3 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால் அடிவயிற்றில் சிறு துளை போட்டு, காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமாட்டிக் கருவியால் உடைத்து எடுப்பது வேகமானது. யூரெத்ரா, அதாவது சிறுநீர் வெளியே வரும் பாதை, மணிக்கணக்கில் ஸ்கோப் ஏறி இறங்கிப் புண்ணாகாமலும் தப்பிக்கும்.

கொக்கி விடுபட்டதும் ஒரே ஒரு தடவை, மெதுவாக, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே இழுத்துப் பார்க்கலாம். கண் இருக்க வேண்டியது மேல் கொக்கியில். அது சுருள் பிரிந்து நேரானால் குழாய் சுலபமாக இறங்கிவிடும். கொக்கி அப்படியே சுருண்டிருந்து சிறுநீரகமே கீழே இழுபடுவதுபோல் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது சிறுநீர்க்குழாய். ஸ்டென்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வழிகாட்டிக் கம்பியைச் சிறுநீரகம் வரை ஏற்றிவிடுவது முதல் வேலை. எது நடந்தாலும் திரும்பிப் போகும் பாதை அது. அந்தக் கம்பி இல்லாமல் மேலே ஏறுவது கயிறு இல்லாமல் கிணற்றில் இறங்குவது மாதிரி. பிறகு சிறுநீர்க்குழாய்க்குள் போகும் சன்னமான ஸ்கோப்பை, அதாவது யூரெட்டரோஸ்கோப்பை, ஸ்டென்டை ஒட்டி நுழைத்து, தண்டில் இருக்கும் உப்பை லேசரால் உரித்துக்கொண்டே மேலே போகிறோம்.

இடம் போதாமல் ஸ்கோப் நுழையவே மறுத்தால்? பலவந்தம் வேண்டாம். பழைய ஸ்டென்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டென்டை வைத்துவிட்டு இறங்கிவிடலாம். ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீர்க்குழாய் தானாகத் தளர்ந்து கொடுக்கும். ஒரு ஸ்டென்டை எடுக்கப் போய் இரண்டோடு திரும்பினால் வீட்டாருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அன்றைக்குத் தோற்பதுதான் மறுவாரம் ஜெயிக்க வழி.

கடைசியாகச் சிறுநீரகம். மேல் கொக்கியில் இருக்கும் கல்லின் அளவுதான் வழியைத் தீர்மானிக்கும். உப்பு மெல்லியதாக இருந்து, சிறுநீரகமும் நன்றாக வேலை செய்தால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உதிர்க்கலாம். கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் இது கூடாது. 2 செ.மீ.க்குள் என்றால் வளையும் ஸ்கோப்பைக் கீழிருந்தே ஏற்றி லேசர் செய்வது உண்டு. அதற்கு மேல் என்றால் பி.சி.என்.எல்., முதுகு வழியாகத் துளை போட்டு உடைப்பதுதான் நேர்வழி.

இதில் துளைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணம் போன்ற அறைகள் மேல், நடு, கீழ் என்று இருக்கின்றன. சாதாரணக் கல்லுக்குக் கீழ்க் கிண்ணம் போதும். ஸ்டென்டுக்கு, சிறுநீர்க்குழாயின் வாய்க்கு நேர்கோட்டில் போகும் மேல் அல்லது நடுக் கிண்ணம் வசதி. அங்கிருந்து பார்த்தால் குழாய் இறங்கும் திசையே கண்ணுக்கு எதிரே தெரியும். கல்லை உடைத்துக் கொக்கியை விடுவித்தபின், பெரும்பாலும் குழாயை மேல்நோக்கி முதுகுத் துளை வழியாகவே உருவுவது நல்லது. அந்தத் துளை அகலம், சிறுநீர்க்குழாய் குறுகல். உப்பு ஒட்டிய குழாயை அகலமான வாசல் வழியாகக் கொண்டுபோவதுதானே புத்தி.

வழக்கமாக நோயாளியைக் குப்புறப் போட்டுத்தான் இதைச் செய்வார்கள். மல்லாந்த நிலையிலேயே இடுப்பைச் சற்றே உயர்த்தி வைத்து, ஒருவர் கீழிருந்தும் ஒருவர் முதுகுப்பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறையும் உண்டு. மறந்துபோன ஸ்டென்டுக்கு இது ரொம்பவே பொருத்தம். நடுவில் நோயாளியைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. கீழே ஒருவர் மெதுவாகத் தள்ள, மேலே ஒருவர் வாங்கிக்கொள்ளலாம்.

நேரமும் ஒரு கணக்கு. ஆபரேஷன் நீள நீள, உள்ளே போகும் நீரின் அழுத்தத்தில் கிருமி ரத்தத்துக்குப் போகும் ஆபத்து கூடும். ஒன்றரை மணி நேரம் தாண்டியும் பாதிக் கல் பாக்கி என்றால் ஒரு வடிகுழாய் போட்டு முடித்துவிட்டு இன்னொரு நாள் வருவதே சரி. இதெல்லாம் முடியாதபோது, அல்லது கருவிகள் இல்லாத இடத்தில், திறந்த ஆபரேஷனோ லேப்ராஸ்கோப்பியோ இன்றைக்கும் இருக்கிறது. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மேஜையில் அடுக்கிப் பார்ப்பது

வெளியே வந்த குழாயைக் கிட்னி ட்ரேயில் நீட்டி வைத்து அளக்க வேண்டும். ஒடிந்து வந்திருந்தால் துண்டுகளை வரிசையாக வைத்து இரண்டு கொக்கி, நடுத்தண்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 26 செ.மீ. குழாய் வைத்ததாகப் பழைய குறிப்பில் இருந்து, ட்ரேயில் 23 செ.மீ. மட்டும் இருந்தால் மூன்று சென்டிமீட்டர் இன்னும் உள்ளே இருக்கிறது. சின்னத் துண்டுதானே என்று விட்டால் அடுத்த கல்லுக்கு அதுவே விதை. பிறகு சி-ஆர்மில் ஒருமுறை முழுப் பாதையும் பார்த்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். கல்லின் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் இதே நேரத்தில்தான்.

முதல் இரண்டு நாள் கவனம் முழுக்கக் காய்ச்சல்மேல். நடுக்கம், ரத்த அழுத்தம் குறைவது, மூச்சு வாங்குவது, பேச்சுத் தடுமாறுவது என்று எதைக் கண்டாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், ரவுண்ட்ஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர் ரோஜா நிறத்தில் சில நாள் வரும். கட்டியாக வந்தாலோ, நின்றுபோனாலோதான் அவசரம். வீட்டுக்குப் போனதும் நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர். நம் வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கும்.

புது ஸ்டென்ட் வைத்திருந்தால், தயவுசெய்து, எடுக்கும் தேதியை அப்போதே கேட்டு வாங்குங்கள். வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதித் தாளில் பெரிதாக எழுதி வையுங்கள், மகன் அல்லது மகள் போனில் ஒரு அலாரம் போடுங்கள். எங்கள் பக்கத்து வேலை இன்னும் அதிகம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தனிப் பதிவேடு, தமிழில் தேதி எழுதிய ஒரு அட்டை, வராவிட்டால் ஒரு போன் கால். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் கோழிமுட்டைக் கல் வளர இடமே இல்லை.

மற்ற பொருட்கள்

தானாக உள்ளே விட்டுக்கொண்ட பொருட்களில் ஒயர், பென்சில், ஹேர்பின், தெர்மாமீட்டர், சிறு பேட்டரி, காந்த மணிகள் என்று மருத்துவ இதழ்களில் நீளப் பட்டியலே உண்டு. பாலுணர்வு, ஆர்வம், போதை, மனநலச் சிக்கல் என்று காரணம் பலவிதம். வருகிறவர் வெட்கத்தில் “நீர்க்கடுப்பு” என்று மட்டும்தான் சொல்வார். தனியறையில், சிரிக்காமல், நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார். வெட்கத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு கல்லோடு வருபவர்களைப் பார்க்கும்போது, அந்த முதல் கேள்வியின் தொனியே பாதி வைத்தியம் என்று தோன்றும்.

எடுக்கும் விதி பழையதே: படம் எடு, இழுக்காதே, வாசலைத் தேர்ந்தெடு. மின் ஒயர் நேராக உள்ளே போய்ச் சிறுநீர்ப்பையில் சுருண்டு முடிச்சு விழுந்துவிடும். வெளியே நீட்டிய முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும். உள்ளேயே வெட்டித் துண்டாக்கி எடுக்கலாம், முடியாவிட்டால் அடிவயிற்றுத் துளை. கூரான முனை யூரெத்ராவைக் கிழிக்கும் திசையில் இருந்தால் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, திருப்பி, மழுங்கிய முனை முன்னால் வரும்படி எடுக்க வேண்டும். பட்டன் பேட்டரி மட்டும் காத்திருக்காது. அதைச் சுற்றி உண்டாகும் காரம் திசுவை அரிக்கும், அன்றே எடுக்க வேண்டும்.

காப்பர்-டி கருப்பையைத் துளைத்துச் சிறுநீர்ப்பைக்குள் வந்து அதன்மேல் கல் கட்டுவதும், பழைய ஆபரேஷன் கிளிப்போ தையலோ நகர்ந்து வருவதும் உண்டு. திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் பெண்ணிடம் “காப்பர்-டி போட்டீங்களா, எடுத்தாச்சா?” என்று ஒரு கேள்வி கேட்பதில் நஷ்டம் இல்லை. மீன் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பையனின் சிறுநீர்ப்பையில் இருந்து சின்ன மீனை எடுத்ததாகச் சென்னை மருத்துவர்கள் எழுதிய அறிக்கையும் ஒன்று உண்டு. நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இறங்க மறுக்கும் கதீட்டர் பலூன்

இது யூராலஜிஸ்ட் இல்லாத வார்டிலும் நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபோலி கதீட்டர் என்பது சிறுநீர் வடிய வைக்கும் குழாய், நுனியில் இருக்கும் தண்ணீர் பலூன்தான் அதை உள்ளே நிறுத்துகிறது. அதை எடுக்கப் போனால் பலூனிலிருந்து தண்ணீர் வரவில்லை. சிரிஞ்சை வேகமாக உறிஞ்சினால் உள்ளே இருக்கும் மெல்லிய பாதை ஒட்டிக்கொள்ளும். அதனால் சிரிஞ்சைச் செருகிவிட்டுத் தானாக நிரம்பக் காத்திருக்க வேண்டும். வரவில்லையா, ஒன்றிரண்டு மி.லி. தண்ணீர் கூடுதலாக ஏற்றிவிட்டுத் திரும்பப் பார்க்கலாம். அப்போதும் இல்லையென்றால் வால்வுதான் கோளாறு என்று வைத்துக்கொண்டு பலூன் கிளையில் வால்வுக்குக் கீழே வெட்டலாம். பல நேரம் இதிலேயே சொட்டத் தொடங்கிவிடும். வெட்டும் முன் கதீட்டர் உள்ளே நழுவாமல் ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்வது முக்கியம்.

அடுத்தது, அந்தப் பாதைக்குள் மெல்லிய வழிகாட்டிக் கம்பியை விட்டு அடைப்பைத் தள்ளுவது. அதுவும் பலிக்காவிட்டால் சிறுநீர்ப்பையை நிரப்பி, அல்ட்ராசவுண்டில் பலூனைப் பார்த்துக்கொண்டே அடிவயிறு வழியாக நீளமான ஊசியால் குத்தி உடைக்கலாம். பலூன் வெடிக்கும்வரை தண்ணீர் ஏற்றும் பழைய வழக்கம் வேண்டாம், ரப்பர் துண்டுகள் சிதறி உள்ளே தங்கும். ஈதர் போன்ற ரசாயனத்தை ஏற்றிக் கரைப்பதும் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். தொடக்கத்திலேயே சலைனுக்குப் பதில் ஸ்டெரைல் வாட்டரால் பலூனை நிரப்பினால், உப்பு படிந்து பாதை அடைபடும் வாய்ப்புக் குறைகிறது.

கதீட்டர் வெளியே வந்ததும் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். பலூனை விரித்து, ஓரம் முழுசாக இருக்கிறதா என்று ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். நகக்கண் அளவு ரப்பர் குறைந்தாலும் அன்றைக்கே சிஸ்டோஸ்கோப்பிக்கு எழுதிவிடுங்கள்.